சாயோ மினேகிக்குத் தில்லைநாயகி அக்கா கொடுத்த குரல்

1

இது கதையாக வந்திருக்கக் கூடாது. சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் சிறுபத்திரிகை நடத்துகிற ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, "உலக சினிமாச் சிறப்பிதழ் போடுறம், இந்திரா. நீர் ஒரு நடிகையின்ரை கலைவாழ்வைப் பற்றி ஒரு கட்டுரை தாரும்" என்று தொலைபேசியில் கேட்டார். பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவரே கையால் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து, குசினி மேசையில் வைத்துத் தைத்து அனுப்புகிற பத்திரிகைதான். ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தானே. ஓம் அண்ணை என்றேன்.

சாயோ மினேகி என்ற ஜப்பானிய நடிகையைப் பற்றி எழுதுவதாக முடிவு செய்தேன். வாசகரே, அந்தப் பெயரை எந்த நூலகத்திலும் தேட வேண்டாம். அப்படி ஒருவர் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னர், எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில், பீல் நகரத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் நாங்கள் ஒரு முகத்தைப் பார்த்தோம். அந்த முகத்தின் பெயர் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எழுத்து ஓடி மறைவதற்குள் யார் வாசித்தது? ஆகவே பெயர் நான் வைத்தது. படங்களிலும் பாதி நான் செய்தவை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"டோக்கியோவின் புறநகரில் செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில், பதினான்கு வயதுச் சாயோ தன்னுடைய—"

வேண்டாம். நான் டோக்கியோவைக் கண்டதில்லை. செர்ரிப் பூவைக் கலண்டரில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது:

"நடிப்பு என்பது தன்னைத் துறந்து பிறராக உருக்கொள்ளும் ஒரு மகத்தான—"

இது ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை எழுதுகிற மாதிரி இருக்கிறது. [அண்ணை, கோபிக்க வேண்டாம். நீங்கள் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.]

மூன்றாவது:

"தில்லைநாயகி அக்கா முதலில் காப்புகளைக் கழற்றினார்."

இது சரியாக இருக்கிறது. ஆனால் இதில் ஜப்பானும் இல்லை, சாயோவும் இல்லை. அதுதான் பிரச்சினை. நான் சாயோவின் வீட்டுக் கதவைத் தட்டினால், ஒவ்வொரு முறையும் தில்லைநாயகி அக்காதான் வந்து திறக்கிறார்.

2

தில்லைநாயகி அக்காவும் நானும் பீலில் ஒரே தொழிற்சாலையில் கைக்கடிகாரங்களுக்கு முள்ளுப் பொருத்தினோம். கண்ணில் குழாய்க்கண்ணாடி, கையில் முள்ளைப் பிடிக்கிற சாவணம், வாயில் கதை. கதைக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் வந்து சொல்லுவார். அக்கா அவருடைய குரலிலேயே அதைத் திரும்பச் சொல்லுவார். ஒருமுறை அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

ஊரில் இருந்தபோது அக்கா வானொலி நாடகங்களில் நடித்தவர். அவருடைய முகம் ஒருவருக்கும் தெரியாது, குரல் ஏகப்பட்ட வீடுகளுக்குத் தெரியும். கதாநாயகி வேஷம் ஒருநாளும் கிடைத்ததில்லை. பெரும்பாலும் பெடியன்கள்தான். மாங்காய் களவெடுக்கிற பெடியன், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வயிற்றுக்குத்து என்று படுத்துக் கிடக்கிற பெடியன்.

"கலியாணம் கட்டி, வயித்திலை பிள்ளையோடை நிண்டும் பெடியனாய் நடிச்சனான். ஒருத்தரும் பிடிக்கேல்லை" என்று பெருமையாகச் சொல்லுவார். இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள். பின்னால் சண்டைக்குத் தேவைப்படும்.

அந்தக் கோடையில் சனிக்கிழமை பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஜப்பானியப் படங்கள் போட்டார்கள். பேச்சு ஜப்பானிய மொழி, கீழே ஜெர்மன் எழுத்து. அக்காவின் வீட்டில்தான் கலர் தொலைக்காட்சி இருந்தது. அகதி விடுதியில் இருந்து பெடியள் வருவார்கள், நான் வருவேன், அக்காவின் கணவர் சண்முகநாதன் அண்ணை தேத்தண்ணி போடுவார். ஜப்பானிய மொழி எங்களில் எவருக்கும் தெரியாது. ஜெர்மன் எழுத்து நாங்கள் முதற்சொல்லை எழுத்துக்கூட்டுவதற்குள் போய்விடும்.

ஆகவே அக்கா கதைத்தார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வருகிற எல்லோருக்கும் தமிழில் குரல் கொடுத்தார். கதையையும் அவரே உண்டாக்கினார்.

முதற்கிழமை வந்த படத்தில் ஒரு வயதான பெண் ஆற்றங்கரையில் உடுப்புத் தோய்த்தபடி அடிக்கடி பாலத்தைப் பார்த்தாள். "ஆமி பிடிச்சுக்கொண்டு போன தம்பி உந்தப் பாலத்தாலைதான் வருவான்" என்று அக்கா அவளுக்காகச் சொன்னார். விடுதிப் பெடியள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் தெரேஸ் என்ற சுவிஸ் பெண் அதே படத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். அந்தக் கிழவி தொலைந்துபோன தன்னுடைய வாத்தைத் தேடினாளாம். நான் இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப தெரேசுக்குக் கதை விளங்கேல்லை" என்றார் அக்கா.

3

சாயோவின் நெடுங்காலக் கலைவாழ்வு இனி.*

அந்தப் படங்களை யாரும் வயது வரிசைப்படி போடவில்லை. முதற்கிழமை கிழவி. அடுத்த கிழமை வலை இழுக்கிற பதினாறு வயதுப் பெட்டை. அதற்கடுத்தது தலைகுனிந்தபடி சோறு பரிமாறுகிற இளம் மனைவி. நாங்கள் மூன்று வேறு ஆட்கள் என்றே நினைத்தோம். ஒரே குடும்பமாக இருக்கும் என்றுவரை போய்விட்டோம்.

"போன கிழமை வந்த பெட்டை அந்த ஆச்சியின்ரை பேத்தி. மூக்கைப் பாருங்கோ அக்கா" என்றான் பாலேந்திரன். விடுதியில் இருந்து வருகிற பெடியன். இருபத்தைந்து வயதிருக்கும்.

"விசர்க் கதை கதையாதை. மூண்டும் ஒரே ஆள். மூக்கைப் பார்க்காதை, மூச்சைக் கேள்."

அக்கா சத்தத்தைக் கூட்டினார். அந்த நடிகை பேசத் தொடங்குவதற்கு முன்னால், மூக்கால் ஒரு சின்ன மூச்சை எடுத்து, அரை நொடி வைத்திருந்து, பிறகுதான் சொல்லை விடுகிறாள். கொதிக்கிற பானை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுகிற மாதிரி. பதினாறிலும் அதே மூச்சு, அறுபதிலும் அதே மூச்சு. அக்கா சொன்ன பிறகு எங்களுக்கும் கேட்டது.

கடைசிச் சனிக்கிழமை அந்த நடிகையைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி வந்தது. மூவரும் ஒருவரே. அக்கா எழுந்து நின்று, தானே ஏதோ பரிசு வாங்கியதுபோல எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

அந்த நிகழ்ச்சியில் கண்டதையும் என் கற்பனையையும் சேர்த்துச் சொல்கிறேன். சாயோ பதினான்கு வயதில் ஒரு படத்தில் இரண்டு வார்த்தை பேசினார். இருபதுகளில் மனைவி, மனைவி, மனைவி. முப்பத்தைந்தில் முகம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி முன்னால் இருந்து அழுதாரா? [அழுதார் என்று எழுதி வெட்டிவிட்டேன். அவர் அழுகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை.] வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுக்கப் போனார். பொன்னிறத் தலைமுடி நடிகைகள் எல்லோரும் ஜப்பானில் அவருடைய குரலில் காதலித்தார்கள். பிறகு ஒரு கார்ட்டூன் தொடரில், சைக்கிளில் பால் விற்கிற ஒரு பெடியனுக்குப் பல வருடங்கள் குரல் கொடுத்தார். பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அவர் அந்தப் பெடியன்தான். ஐம்பத்தெட்டில் மறுபடி திரைக்குக் கூப்பிட்டார்கள், கிழவியாக நடிக்க.

நிகழ்ச்சியில் அவர் குரல் கொடுக்கும் இடத்தைக் காட்டினார்கள். சாயோ வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, வலது கையைப் பொத்தி வயிற்றில் அழுத்திக்கொண்டு, ஓடி வருகிற ஒரு பெடியனின் குரலில் யாரையோ கூப்பிட்டார்.

"பாருங்கோ! பாருங்கோ!" என்று அக்கா கத்தினார். "நானும் உப்பிடித்தான்! குரலை மெல்லிசாக்கினால் பெடியன் வரமாட்டான், பூனைதான் வரும். வயித்தாலை ஓடோணும்!"

பேட்டி எடுத்தவர் சாயோவிடம், எந்த வேஷம் மிகக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டார். அப்போது மட்டும் எழுத்து மெதுவாக ஓடியது. ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த சண்முகநாதன் அண்ணை வாசித்தார்: "ஒரு படத்திலை கதைக்காத ஒரு பொம்பிளைக்கு மூச்சு மட்டும் விட்டவவாம். அதுதான் கஷ்டமாம்."

அண்ணை சரியாக வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. சரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

* பிரதியை வாசித்த ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "ஆண்டு விபரம் எங்கை? நான் கட்டுரை கேட்டனான், கதை கேட்கேல்லை." இல்லாத நடிகைக்குப் பிறந்த ஆண்டு வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணை.

4

இனிப் பாலேந்திரன். இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அவனுக்குப் பெண் குரல் போல மெல்லிய குரல். விடுதியில் அதைச் சொல்லிச் சொல்லியே பகிடி பண்ணுவார்கள். கதைக்கு வசதியாக நான் செய்துகொண்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் என்ன செய்ய? அவனுக்கு அப்படித்தான் இருந்தது. அவன் மெல்லிய குரலால் நன்றாகத் தேவாரம் பாடுவான், அவனுடைய தாய்க்கு அந்தக் குரல் என்றால் உயிர்.

இலையுதிர் காலத்தில் அந்தக் குரல் கரகரத்தது. குரல்நாணில் ஒரு முடிச்சு இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். ஆபத்தானது இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது, கதைத்தால் குரல் திரும்பாமலே போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மாதத்தில்தான் அவனுடைய தாய் கண்புரை வெட்டுவதற்குக் கொழும்புக்கு வந்தார். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அவருடைய தங்கையின் மகன் இரவீந்திரன் வெள்ளவத்தையில் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒழுங்கு. ஆனால் தாய் ஒரே பிடியாக நின்றார்: மகனின் குரலைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்.

இரவீந்திரன் சண்முகநாதன் அண்ணையின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். அவன் கெஞ்சியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தொண்டையிலை ஒப்பரேஷன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. மூத்த மகனையும் 'ஆஸ்பத்திரியிலை இருக்கிறான், சுகம்' எண்டுதான் எல்லாரும் பெரியம்மாவுக்குச் சொன்னவை. அவன் செத்து அப்ப ஒரு கிழமை. இப்ப இவன் கதைக்க ஏலாமல் கிடக்கிறான் எண்டால் நம்புவாவே? உடனை பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவா. கண்ணும் போயிடும்."

அண்ணை ரிசீவரை வைத்தார். பாலேந்திரன் கதிரையில் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டவன், ஒன்றையும் சொல்ல முடியாதவன். கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. அதற்கும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான், பாவம்.

"நான் கதைக்கிறன்" என்றார் அக்கா.

ஐயோ அக்கா, விளையாட்டோ என்றேன் நான். தாய்க்குத் தெரியாமல் போகுமா?

"வயித்திலை பிள்ளையோடை நிண்டு—" என்று அவர் தொடங்கினார்.

பாலேந்திரன் கை தூக்கினான். தன் வாயைத் தொட்டுக் காட்டினான், பிறகு அக்காவின் வாயைக் காட்டினான். தான் உதட்டை மட்டும் அசைப்பான், அதை மட்டுமே அக்கா சொல்ல வேண்டும். பிறகு கைகளைச் சிறகாக அடித்தான். வாத்தைத் தம்பியாக்கின மாதிரி இட்டுக்கட்ட வேண்டாம் என்கிறானாம். அந்த நிலைமையிலும் நாங்கள் சிரித்துவிட்டோம்.

அக்காவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. வேறொருவரின் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவன் "சுகம்" என்று உதடசைத்தால் அவர் "நல்ல சுகம் அம்மா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்பார். அவன் மேசையில் தட்டுவான். மறுபடி. கையைப் பொத்தி வயிற்றில் வைத்துக்கொண்டு, அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு, கடைசியில் ஒருமுறை "அம்மா" என்றார்.

பாலேந்திரன் திடுக்கிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான்.

5

தில்லைநாயகி அக்கா முதலில் காப்புகளைக் கழற்றினார். [பார்த்தீர்களா, வந்து சேர்ந்துவிட்டோம்.]

அண்ணையின் வீட்டுத் தொலைபேசிக்கு வெளியில் இருந்து எடுக்கலாம், அதிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது. பீல் தபாற்கந்தோரில் வெளிநாட்டுக்குக் கதைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட கூண்டுகள் இருந்தன. சண்முகநாதன் அண்ணைக்கு வேலை. ஆகவே நாங்கள் மூவர்தான் போனோம். அக்கா காப்புகளை என் கையில் தந்தார். தாலிக்கொடியைக் கைலேஞ்சித் துணியால் சுற்றி, சத்தம் வராமல் சட்டைக்குள் செருகினார். சப்பாத்தையும் கழற்றினார். நீண்ட கியூவில் நின்ற ஒரு சுவிஸ் கிழவர் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூண்டுக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். கதவு சாத்தப்பட்டது. அதன்பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா ரிசீவரைக் காதில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தார். பாலேந்திரனின் உதடு அசைந்தது. அக்காவின் உதடு அசைந்தது. இருவரும் கேட்டார்கள். அவன் சிரித்தான். உதடு, உதடு, கேட்டல். அக்காவின் வலது கை வயிற்றில் பொத்தியபடி இருந்தது. நான் கும்பிடாத தெய்வமில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அக்கா இடையில் நிறுத்திவிட்டார். பாலேந்திரன் ஏதோ உதடசைத்தான், அக்கா அதைச் சொல்லவில்லை. ரிசீவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அதை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

அவன் அதை வாயருகே வைத்துக்கொண்டான். மார்பு ஏறி இறங்கியது. கேட்டான். மறுபடி ஏறி இறங்கியது. கடைசியில், குரலில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து ரிசீவருக்குள் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரம். பிறகு வைத்துவிட்டான்.

கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது.

6

முடிவுகள்.

(அ) அக்கா எழுதச் சொல்கிற முடிவு: "அந்த அம்மாவுக்கு ஒண்டும் தெரியேல்லை. 'என்ரை ராசா, என்ரை ராசா' எண்டு என்னோடைதான் கதைச்சவ. கடைசியிலை, பெடியனும் தாயின்ரை குரலை வடிவாய்க் கேட்கட்டும் எண்டு நான்தான் குடுத்தனான். பெடியன் வேஷத்திலை நான் ஒருநாளும் பிடிபடேல்லை. அதை வடிவாய் எழுது."

(ஆ) பாலேந்திரன் எழுதச் சொல்கிற முடிவு. அவனுக்குக் குரல் திரும்பிவிட்டது. முன்னைவிடக் கொஞ்சம் கட்டை. இப்போது ஓல்டனில் ரயிலில் சாமான் ஏற்றுகிற வேலை. "அம்மா கேட்டவ, இந்திரா அக்கா. 'பிள்ளை, நீங்கள் ஆரெண்டாலும் நல்லாய் இருப்பியள். அவன் உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறானோ? நிண்டால் ஒருக்கா மூச்சு விடச் சொல்லுங்கோ' எண்டு கேட்டவ. நான் விட்டனான். 'ஓம், உது என்ரை பிள்ளைதான்' எண்டு சொன்னவ."

(இ) நான் முயன்ற முடிவு: "அப்போது தபாற்கந்தோரின் கதவைத் திறந்துகொண்டு, தோளில் கமெராவுடன், ஒரு வயதான ஜப்பானியப் பெண்மணி—" இல்லை. ஜப்பானியர்கள் மலை பார்க்கத்தான் வருவார்கள். பீல் தபாற்கந்தோரில் சாயோவுக்கு என்ன வேலை?

மூன்று வருடங்களாக (அ)வும் (ஆ)வும் என் வீட்டுக் கதிரைகளில் இருந்து சண்டை பிடிக்கிறார்கள். நான் இரண்டு தரம் தேத்தண்ணி போட வேண்டியிருக்கிறது.

சண்டை இல்லாத விஷயங்களும் இருக்கின்றன. தாய் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் வெட்டினார்கள். கட்டு அவிழ்த்ததும் இரவீந்திரனைப் பார்த்து, "என்னடா, இப்பிடி மெலிஞ்சுபோனாய்?" என்று கேட்டாராம். நூல் கோர்க்கிற அளவுக்குப் பார்வை வந்துவிட்டது.

பிறகு ஒரு பார்சல் வந்தது. ஊரில் இருந்து வந்த ஒருவர் கையில் தாய் கொடுத்துவிட்டது. பனம்பழப் பினாட்டு, மிளகாய்த்தூள், தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரம். அதிமதுரம் மட்டும் இரண்டு பொட்டலம். ஒரே அளவு. இரண்டையும் தனித்தனியாக மடித்து, சிவப்பு நூலால் தனித்தனியாகக் கட்டியிருந்தார்.

"இப்ப என்ன சொல்லுறியள் அக்கா?" என்றான் பாலேந்திரன்.

"குளிர் நாட்டிலை இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தாயும் அதிமதுரம் அனுப்புவாதானே? உதை வைச்சு என்ரை நடிப்பைக் குறைச்சுக் கதையாதை" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கண்டேன். இன்னும் அந்த நூல் அவிழ்க்கப்படாமல் அவருடைய குசினி அலுமாரியில் இருக்கிறது.

எனக்குத் தில்லைநாயகி அக்காவில் சரியான விருப்பம். இந்தக் கதையை எழுதியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

7

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை முடிவு கேட்டு மூன்றுதரம் தொலைபேசி எடுத்துவிட்டார். நான் அந்த முடிவை, வாசகரே, உங்களிடம் தருவதாக இருக்கிறேன். ஆனால் (அ)வையும் (ஆ)வையும் தந்து தெரிவு செய்யச் சொல்லப் போவதில்லை. அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

தாய் என்ன சொன்னார் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை பிடித்தோம். அவன் என்ன சொன்னான் என்று ஒருவரும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன். குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, ரிசீவருக்குள் என்னடா சொன்னாய்? பாலேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அது அம்மாவுக்குச் சொன்னது அக்கா" என்றான். தில்லைநாயகி அக்காவும் வாயைத் திறக்கவில்லை. உதட்டை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாத்தைக்கூடத் தம்பியாக்கிக் கதை சொன்னவர், இதற்கு மட்டும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆகவே வாருங்கள், என் பக்கத்தில் நில்லுங்கள். பீல் தபாற்கந்தோர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உள்ளே அவனுடைய மார்பு ஏறி இறங்குகிறது. அங்கே கண் மங்கிய ஒரு தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதோ, உதடு அசைகிறது. குரல் இல்லை. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கையில் காப்பு இருந்தால் கழற்றி என்னிடம் தாருங்கள், நான் வைத்திருக்கிறேன். சப்பாத்தை ஓரமாக விடுங்கள். கையைப் பொத்தி வயிற்றில் வையுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதலில் மூக்கால் ஒரு சின்ன மூச்சு எடுங்கள்.

பாலேந்திரன்: "                              "